மூன்றடிச் சந்து

"ஏட்டி, ஆறடி நீளம், ரெண்டடி அகலம். நம்ம முடுக்குத் திருப்பத்துல திரும்புமா? ஸ்டெப் ஸ்டெப்பா போட்டுக் காட்டு" என்றாள் ஏஞ்சலம்மாள்.

தாராவிக்கு வந்து பதினைந்து வருஷத்தில் வீட்டுக்கு ஒருவழியாகப் பீரோ வரப்போகிறது என்று ஜாக்குலினுக்குக் குஷி. பத்தாம் வகுப்பில் கணக்கில் அவள்தான் முதல். காலையில் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் முடுக்குச் சந்தின் திருப்பத்தை வரைந்தாள்.

"முடுக்கு ரெண்டு பக்கமும் மூணடி. மூமூணு ஒம்பது, ரெண்டு ஒம்பது பதினெட்டு. அதுக்கு வர்க்கமூலம் நாலேகால். அதான் மூலைக்கு மூலை தூரம். அதுல நீளத்துல பாதி, மூணடி போச்சுன்னா மிச்சம் ஒண்ணேகால். ரெண்டடி எப்படிம்மா நுழையும்?"

"இன்னொரு தடவ போடு."

போட்டாள். அதே ஒன்றேகால்தான் வந்தது.

அம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று. ஜாக்குலினுக்குப் பொறுக்கவில்லை.

"இதுக்குப் போயி! நட்டமா நிமித்திட்டா ஜம்முன்னு போயிரும். பீரோவ எல்லாரும் அப்படித்தான கொண்டாராங்க?"

"பீரோன்னு யாருட்டி சொன்னா?" ஏஞ்சலம்மாள் உறையை வாங்கிக்கொண்டாள். "அந்தப் பெட்டிய நிமித்தப்படாது. உள்ள நான் படுத்திருப்பேம்லா."