அரிப்பு இல்லை, எரிச்சல்

சாயங்கால வெயில் மருந்துக்கடையின் கண்ணாடி மேசையில் பட்டுக் கண் கூசுகிறது. பேருந்து நடத்துநரான அவள், கூட்டம் சேரட்டும் என்றே காத்திருந்து உள்ளே வருகிறாள். போன வாரம் “எரியுது” என்று அவள் மெல்லச் சொன்னதற்கு, “கீழ அரிப்பா, வெள்ளைப்படுதா?” என்று ஊரைக் கூட்டிக் கேட்டுவிட்டு, பதிலுக்கும் நிற்காமல் க்ரீமை நீட்டியவர் கடைக்காரர். தடவியும் குறையாமல் காய்ச்சலில் படுத்தாள். இப்போது அந்த டியூபை டொக்கென்று வைக்கிறாள். “அரிப்பும் இல்ல, வெள்ளையும் படல. ஒண்ணுக்குப் போனா எரியும், போயிட்டு வந்ததுமே திரும்ப முட்டும். யூரின் இன்ஃபெக்ஷனாம், டாக்டர் டெஸ்ட் பண்ணிச் சொன்னாங்கண்ணே!” நிறுத்தங்களைக் கூவிப் பழகிய குரல் தெருவரை போகிறது. கடைக்காரர் டியூபைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். “மெதுவாம்மா, ஆளுங்க இருக்காங்க.” “அன்னைக்கும்தான் இருந்தாங்க.” வரிசையில் நிற்கும் பெண்ணொருத்தி கடைக்காரரை ஒருமுறை பார்த்துவிட்டு, தன் மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டு வேறு கடை தேடி வெளியேறுகிறாள்.