புகை விட்டவர்

"உட்காருங்க டிரைவர். வாசல்ல காத்துக்கிட்டு நிக்கும்போது யாரும் புகை விடக் கூடாதுன்னு டிரைவர்கள் கூட்டத்துல அவ்வளவு தூரம் சொன்னேனே?" என்றார் தலைமையாசிரியை.

பள்ளி பஸ் டிரைவர் உட்காரவில்லை. "அன்னைக்கே விட்டுட்டேன் மேடம்."

"விட்டுட்டு, அதை என்கிட்டயே சொல்றீங்களா?"

"ஐயோ, விடறதை விட்டுட்டேன் மேடம்."

தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. "மத்த டிரைவரெல்லாம் கேட்டுக்கிட்டாங்க. உங்க பேர்ல மட்டும்தான் புகார். எதிர்வீட்டம்மா போன் பண்ணினாங்க. அவங்க குழந்தைக்கு மூச்சிழுப்பு. முன்னெல்லாம் உங்களால ஒரு தொந்தரவும் இல்லையாம். கூட்டம் முடிஞ்ச மறுநாள்லேர்ந்துதான் ஆரம்பிச்சீங்களாம். ஏன், என்மேல வீம்பா?"

டிரைவருடைய மகளும் இதே பள்ளியில்தான் படிக்கிறாள். ஊழியர் பிள்ளை என்பதால் கட்டணம் கிடையாது. வேலை போனால் அவள் படிப்பும் போச்சு. அந்தப் பயத்தில்தான், மீசை முளைத்த காலத்திலிருந்து கூடவே வந்த சிகரெட்டை ஒரே நாளில் தலைமுழுகினார். பெண்டாட்டி அழுது கெஞ்சியும் நடக்காத காரியம் அது. தூக்கம் போனது, வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார். இவ்வளவு பாடுபட்டும் கெட்ட பேர்தானா என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அந்தம்மா வாய் கூசாம பொய் சொல்றாங்க மேடம். வேணும்னா ஊதிக் காட்டறேன்."

"ஊதறீங்களா? எதுக்கு?"

"வாயில வாடை இல்லேன்னு தெரியத்தான் மேடம். முன்னெல்லாம் வாசல்ல வந்து நின்னதும் சாவியை உருவிக்கிட்டு நேரா எதிர்க்கடைக்குத்தான் போவேன். ஒத்துக்கறேன். இப்ப அந்தக் கடையைப் பார்த்தாலே கை பரபரங்குது. அதனால வண்டியை விட்டு இறங்கறதே இல்ல. கண்ணாடியை ஏத்திவிட்டு, ஏசியைப் போட்டுக்கிட்டு, பள்ளிக்கூடம் விடறவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கேன்."

தலைமையாசிரியையின் குரல் இறங்கிவிட்டது.

"ஏசி போடணும்னா, எஞ்சினை ஓடவிட்டுத்தானே ஆகணும்?"

"ஆமா மேடம்."

"டிரைவர், அன்னைக்கு நான் விடக் கூடாதுன்னு சொன்னது, பஸ் விடற புகையை."