புகார்தாரர் பெயர்

"யாருன்னு இன்னிக்குத் தெரிஞ்சுடும்" என்றபடி மகாதேவன் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தான்.

ஜெயலக்ஷ்மி தோசைக்கல்லை இறக்கிவிட்டு அடுப்பை அணைத்தாள்.

போலீஸில் புகார் பதியும் இணையதளம் இரண்டு நாளாகப் பூட்டில்லாமல் கிடந்தது. புகார் எண்ணைப் போட்டால் போதும், யார் கொடுத்தது, என்ன எழுதியது எல்லாம் திறந்துகொண்டது. ரகசியமாக வைப்போம் என்று சொல்லி வாங்கிய புகார்கள்கூடத்தான். கல்கத்தாவின் டாக்குரியா பகுதியில் அவர்கள் இருந்த அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குக் காலையில் அந்த லிங்க் வந்திருந்தது.

தன்மேல் வந்த புகாரின் எண் மகாதேவனிடம் இருந்தது. போன மாதம் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்து, வீட்டில் ஏதாவது தகராறா என்று விசாரித்தபோது அவர் கையிலிருந்த தாளைப் பார்த்து மனதில் குறித்துக்கொண்டான். அன்று அவருக்கு டீ கொடுத்தது ஜெயலக்ஷ்மி. ஒன்றுமில்லை என்று சொன்னதும் அவள்தான். புருஷன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

அதிலிருந்து அவனுக்கு எல்லோர் மேலும் சந்தேகம். வேலைக்காரியை நிறுத்தினான். லிஃப்டில் யாராவது சிரித்தால், ஏன் சிரித்தான் என்று நாளெல்லாம் கேட்டான். லேக் மார்க்கெட்டில் அப்பளம் விற்கும் மாமி ஜெயலக்ஷ்மியின் முழங்கைக் காயத்தைப் பார்த்துவிட்டாள் என்று அந்தக் கடைக்கே போகக்கூடாது என்றான்.

மனைவியை மட்டும் அவன் சந்தேகப்படவில்லை. அவளுக்கு அவ்வளவு தைரியம் ஏது?

அவள்தான் புகார் கொடுத்தாள். அக்கா என்று பெங்காலியில் அவள் கூப்பிடும் எதிர்வீட்டு ஸ்நிக்தா தீதியோடு ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து, பதினோரு வருஷமாக அவனிடம் வாங்கிய அடியையெல்லாம் சொன்னாள். ஜெயலக்ஷ்மிக்கு பெங்காலி எழுதப் படிக்கத் தெரியாது. தீதிதான் தன் போனில் படிவத்தை நிரப்பி அனுப்பினாள்.

மகாதேவன் எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டினான். திரை நிறைய பெங்காலி எழுத்துகள் வந்து நின்றன. அவன் கல்கத்தாவிலேயே பிறந்தவன், வேகமாகப் படிப்பான். இதில் எந்த எழுத்து தன் பெயர் என்று தெரியாமல் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்நிக்தா!" மேஜையில் ஓங்கிக் குத்தினான். "புகார்தாரர்னு அவ பேர்தான் போட்டிருக்கு. எத்தனை நாள் நம்மாத்துல காபி குடிச்சிருக்கா! அவளை இன்னிக்கு உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

சட்டை எடுக்க உள்ளே போனான்.

ஜெயலக்ஷ்மிக்கு முதலில் விளங்கவில்லை. பெயர் கேட்கும் இடத்தில் தீதியின் விரல் சற்று நின்றது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவளைக் காப்பாற்ற அங்கே தன் பெயரையே போட்டிருக்கிறாள். தீதிக்கு அறுபது வயது. தனியாக இருப்பவள்.

தப்பித்தோம் என்று தோன்றியது நிஜம். ஒரு மூச்சு நேரம்தான்.

அவள் வெளியே போய், கதவைச் சாத்தி, வெளித்தாழ்ப்பாளைப் போட்டாள். எதிர்வீட்டு மணியை அழுத்தினாள். முதுகுக்குப் பின்னால் கதவு அதிர்ந்தது. உள்ளேயிருந்து மகாதேவன் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

ஸ்நிக்தா கதவைத் திறந்து, அதிரும் கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தீதி, அந்தப் புகார்ல பேர் தப்பா இருக்கு" என்றாள் ஜெயலக்ஷ்மி. "என் பேரைப் போடணும்."