தேவசகாயத்தின் கடைசிக் குழாய்

சிதம்பரத்து ஆய்வுக்கூடத்தில் மாலை வெயில் உலையின் வாய்வரை வந்து நிற்கிறது. பதினோரு மாதமாக மீத்தேனிலிருந்து ஹைட்ரஜன் எடுத்துத் தந்த பீங்கான் சவ்வுக்குழாய் இன்று உள்ளே விரிசல் விட்டுவிட்டது. போன சித்திரையில் இறந்துபோன, கூடத்துக்குப் பீங்கான் குழாய்கள் வார்த்துத் தந்த தேவசகாயம் கடைசியாக வார்த்த குழாய் அது. "ஒடைஞ்சதுதானே மேடம், உலைய அணைச்சிட்டுக் கெளம்பலாம். கடலூர் பஸ் போயிடும்," என்கிறான் உதவியாளன் ராஜவேல். ஆய்வாளர் மங்கலம் குனிந்து பார்க்கிறாள். உலைக்கு வெளியே நீட்டியிருக்கும் சூடேறாத முனையில் தேவசகாயத்தின் பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது: 'மங்கலம், அவசரப்படாதே. மெதுவா ஆறவிடு.' அவள் அவசரமாக ஆறவைத்ததில் எத்தனை குழாய்கள் விரிசல் விட்டிருக்கின்றன! ஒருநாளும் திட்டாமல் இன்னொன்று வார்த்துக் கொடுத்த மனுஷன். "நீ கெளம்பு ராஜவேலு," என்கிறாள். குப்பைக்குப் போகப்போகிற குழாய்க்காக உலையின் சூடு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாகக் குறையும்படி வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்கிறாள்.