அண்ணன் இருக்கிற நாற்காலி

பாறசாலையில் மனநல ஆலோசகர் தாரா ஜன்னலோரம் இருக்கிறாள், எதிரே சரோஜம், நடுவே காலி நாற்காலி. தன்னோடு பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் செல்லசாமி அதில் இருப்பதாக வைத்து, சரோஜம் மனதிலிருந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். மகள் கல்யாணத்துக்கு அவனை அழைத்து எழுதிய கடிதம், அனுப்ப மனம் வராமல், அவள் மடியிலேயே கிடக்கிறது. மழைவிட்ட வெயில் நாற்காலிப் பிரம்பில் விழுகிறது. “இனி அங்க மாறி இருந்து, அண்ணனாட்டு பதில் சொல்லுங்க.” “அண்ணன் இருக்கிற இடத்துல நான் எப்பிடி டாக்டரே இருக்கது?” “கொஞ்சம் நீங்கி இருக்கச் சொல்லுங்க.” சரோஜம் சிரித்துவிட்டு, அண்ணனுக்கும் இடம் விட்டு, நாற்காலி ஓரத்தில் ஒட்டி உட்காருகிறாள். தொண்டையில் அவனுடைய கரகரப்பு வருகிறது. “நீ கூப்பிடாம நான் எப்பிடி வாறது மக்கா?” சொன்னவளே திடுக்கிடுகிறாள். மூச்சு நீளமாக வெளியேற, தோள்கள் தாழ்கின்றன. மடியிலிருந்த கடிதத்தின் உறையை நாக்கால் நனைத்து ஒட்டுகிறாள். சற்று நேரத்தில், வாசலுக்கு வெளியே தெருவோரத் தபால்பெட்டிக்குள் அது தொப்பென்று விழுகிறது.