தலையைக் கொஞ்சம் அடக்கிட்டு வாங்க

"கிண்ணத்தை அப்படியே கீழே வை. ஒரு சொட்டு விழக் கூடாது!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே கத்தினார் கணவர். கூடத்தில் மனைவி கூந்தலை விரித்துப் போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நாற்காலியில் அவள் தங்கை, திருடும்போது பிடிபட்டவள் மாதிரி கிண்ணமும் கையுமாக உறைந்து போனாள்.

"விஷம் இல்ல மாமா, தேங்காய் எண்ணெய்" என்றாள் தங்கை. "கூட பாதாம் எண்ணெய், கொஞ்சமே கொஞ்சம் விளக்கெண்ணெய். இளஞ்சூடா நுனி வரைக்கும் தடவி, சூடான துண்டைச் சுத்தி வெச்சா போதும். இந்தக் காடு அடங்கிடும்."

காடு என்று அவள் சொன்னதே மரியாதைக்காகத்தான். இடுப்பைத் தொட்ட அந்தக் கூந்தல் நீளத்தில் மட்டும்தான் கூந்தல். மற்றபடி வறண்டு, சிலிர்த்து, ஒவ்வொரு இழையும் பக்கத்து இழையோடு பேச்சுவார்த்தை முறிந்ததுபோல் தன் வழியே போய்க்கொண்டிருந்தது. அதற்குள் நுழைந்த சீப்புகளில் பல்லோடு திரும்பியவை குறைவு.

"எதுக்கு அடங்கணும்? அது பாட்டுக்கு அழகா இருக்கு."

"திங்கட்கிழமை ஹோட்டல் ரிசப்ஷன்ல சேரணுங்க" என்றாள் மனைவி. "மேனேஜர் சொன்னதை மறந்துட்டீங்களா? 'வேலை உங்களுக்குத்தான், தலையை மட்டும் கொஞ்சம் அடக்கிட்டு வாங்க'ன்னாரு. முதல் நாள் பாத்துட்டுதான் முடிவாம்."

"அந்தாளுக்கு ரசனை பத்தாது."

"உங்களுக்குத்தான் ரொம்ப வழியுதே மாமா!" தங்கை சிரித்தாள். "அக்கா எல்லாம் சொல்லிடுச்சு. விடிஞ்சதும் கண்ணைக்கூடத் திறக்காம அக்கா முடியைத்தான் அள்ளுவீங்களாமே? நுனியை நீவிப் பாத்துட்டுதான் எந்திரிப்பீங்களாமே?"

மனைவியின் முகம் சிவந்தது. "வெளியூர் போனாலும் அப்படித்தான்டி. வீடியோ கால்ல 'சாப்பிட்டியா'ன்னு கேக்க மாட்டாரு. 'முடி எப்படி இருக்கு, கேமராவைக் கிட்ட கொண்டு போ'ம்பாரு."

"கடவுளே, எனக்கும் இந்த மாதிரி ஒரு லூசைக் குடு!"

கணவர் சிரிக்கவில்லை. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, கெஞ்சும் குரலுக்கு இறங்கினார்.

"ஒரு மாசம் தள்ளிப் போடேன். இந்த மாசம் ஆபீஸ்ல ரொம்ப முக்கியம்."

"உங்க ஆபீசுக்கும் என் தலைக்கும் என்னங்க சம்பந்தம்?"

அவர் தன் வழுக்கையைத் தடவிப் பார்த்தார். அங்கே பதில் எதுவும் முளைக்கவில்லை.

மனைவியின் குரல் தணிந்தது. "எத்தனை இடத்துக்கு இன்டர்வியூ போயிட்டேன்! எல்லாரும் முதல்ல தலையைப் பாக்குறாங்க. அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குறாங்க. நான் பேசுறதை முழுசா கேட்டது இந்த மேனேஜர் ஒருத்தர்தான். இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா, இனிமே எங்கயும் போய் நிக்க எனக்குத் தெம்பில்லைங்க."

கணவர் எழுந்து வந்தார். ரயிலேற்றிவிட வந்தவர்போல் அந்தக் கூந்தலை இரண்டு கையாலும் அள்ளிக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு மச்சினியிடமிருந்து கிண்ணத்தை வாங்கினார்.

"நகரு. நானே தேய்க்கிறேன்."

"உச்சியில கம்மியா, நுனியில நிறைய மாமா."

"இந்த முடியைப் பத்தி எனக்கே பாடமா?"

எண்ணெய் தன் வேலையைச் செய்தது. திங்கட்கிழமை காலை வழக்கம்போல் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார் கணவர். முடி விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போனது. திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"எப்படிங்க இருக்கு?"

"அழகா இருக்கு" என்றார், நின்றுபோன கடிகாரத்தைப் பார்ப்பதுபோல். "நிஜமாவே ரொம்ப அழகா இருக்கு. தைரியமா போயிட்டு வா."

கிளம்பும்போது குடையை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். கடைசியில் வைத்துவிட்டே போனார்.

ஹோட்டலில் மேனேஜர் அவளை இரண்டு தடவை கடந்து போனார். முதல் தடவை அடையாளம் தெரியவில்லை. இரண்டாவது தடவை நின்று, தலையைப் பார்த்து, அதைவிட முக்கியமாக அவள் ஒரு வாடிக்கையாளரைச் சமாளித்த விதத்தைப் பார்த்து, "நாளைக்கு உங்க பேர் போட்ட பேட்ஜ் வந்துடும்மா" என்றார்.

அவள் நன்றி சொல்லி முடிப்பதற்குள் கதவு படாரென்று திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்த கூட்டம் வரவேற்பறைக்குள் புகுந்தது.

"எந்த மடையன் சார் அவன், மழை வராதுன்னு சொன்னவன்?" என்று சட்டையைப் பிழிந்தார் ஒருவர்.

"அந்தாளு சொன்னா தப்பவே தப்பாதேன்னு நம்பித்தான் குடையை வீட்டுல வெச்சுட்டு வந்தேன்!" என்றார் இன்னொருவர்.

சுவர் டிவியில் காலைப் பேட்டி மறுபடி ஓடியது. "இன்று ஒரு துளி மழைக்கும் வாய்ப்பில்லை" என்று எச்சில் விழுங்கியபடி சொல்லிக்கொண்டிருந்தார் வானிலை மையத்தின் தலைமை அதிகாரி. கல்யாணமான நாளிலிருந்து ஒரு முறைகூடக் கணிப்புத் தவறாத அவள் கணவர்.

காற்றில் ஈரம் ஏறினாலே மழைக்கு முன்பாகத் தன் முடி சிலிர்த்துக் கிளம்பும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வழுவழுவென்று படிந்திருந்த தலையை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு தங்கைக்குப் போன் போட்டாள்.

"அடியே, அடுத்த தடவை எண்ணெய் வைக்கும்போது காதுக்குப் பின்னால ஒரு கொத்தை மட்டும் காய விட்டுடு. உங்க மாமா பொழைப்பு அதுலதான்டி ஓடுது!"