முன்பக்கக் கீறல்கள்

கடைக்காரர் பழைய எலெக்ட்ரிக் கிதாரின் பின்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். அம்மா கைவளையலைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"சீக்கிரம் சொல்லுங்க சார், இதை வித்துத்தான் பைக் வாங்கணும்" என்றான் மகன்.

"அசல்தாம்பா. ஒயரைக்கூட யாரும் தொடலை. யார் வாசிச்சது?"

"செத்துப்போன எங்கப்பா சார். இதோட நிக்கிற போட்டோ வீட்ல இருக்கு."

"பின்னாடி இடுப்பு பெல்ட் உரசின தடமே இல்லையே. முன்னாடி, மணிக்கட்டு படுற இடத்துலதான் கீறல். இது வளையல் கீறலாச்சே!"

"எங்கப்பா எப்ப சார் வளையல் போட்டார்?"

சிரித்தபடி அம்மா பக்கம் திரும்பினான். அம்மாவின் விரல் வளையலிலேயே நின்றுவிட்டது.

"அவர் போட்டோவுக்குத்தான் பிடிச்சார். நீ பள்ளிக்கூடம் போனதும் நான் வாசிப்பேன். விக்காதேடா."

மகன் கழற்றிய ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக் கடைக்காரர் கையில் வைத்தான்.

"மாட்டிக் குடுத்துடுங்க சார்."